ரிடன்டன்சி கடைசி நாளை மறுபடி தள்ளுகிறார்கள், புது வேலை கையில் இருக்கிறது, என்ன செய்யலாம்?

ஸ்லவ்வாசி
அக்டோபர் 4, 2025

இங்கிலாந்தில் ரிடன்டன்சி (ஆட்குறைப்பு) பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். ஒன்பது வருடமாக ஒரே கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவு வேலையை மொத்தமாக வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். ஏப்ரலில் கடிதம் கொடுத்தார்கள், கடைசி நாள் ஜூன் 30 என்று. ஜூன் நடுவில் ஒரு மெயில், புது மென்பொருள் தயாராகவில்லை, ஆகஸ்ட் 31 வரை இருங்கள் என்று. சம்பளம்தான் வருகிறதே என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் எச்ஆரிடமிருந்து இன்னொரு கடிதம், இனி அக்டோபர் 31 என்று. இப்போது மேனேஜர் ஒரு மீட்டிங்கில் போகிற போக்கில் "ஜனவரி கடைசி ஆகிவிடும் போலிருக்கிறது, லீவு எல்லாம் அதற்கேற்ற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்.

இதற்கிடையில் எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. நவம்பர் 10 சேர வேண்டும். அவர்கள் ஜனவரி வரை காத்திருக்க மாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன். நானாகப் போனால் ரிடன்டன்சி பணம் முழுக்கப் போய்விடும் என்று டீமில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஆனால் அவர்களே எழுதிக் கொடுத்த தேதியில் நான் போனால் அது எப்படி நானாகப் போனதாகும்? வயது 43, அது கணக்குக்குத் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

சென்னைப்பட்டணம்

ப்ரோ, புது ஆஃபர் கையில் இருக்கும்போது எதற்கு இழுத்துக்கொண்டு? ராஜினாமா மெயில் அடித்துவிட்டுக் கிளம்புங்கள். இங்கே ஓஎம்ஆரில் எல்லாம் எச்ஆரே கூப்பிட்டு ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு மாதச் சம்பளத்தோடு அனுப்புகிறார்கள். சுமுகமாகப் பிரிந்தால் ரெஃபரன்ஸ் நன்றாக இருக்கும்.

பழைய யூனியன்காரர்

தம்பி ஸ்லவ்வாசி, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ராஜினாமா என்ற சொல் உங்கள் மெயிலில் எங்கேயும் வரக்கூடாது. இந்த நாட்டில் ரிடன்டன்சி பணம் என்பது வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குத்தான். நீங்களாகப் போனால் நீக்கம் இல்லை, நீக்கம் இல்லையென்றால் சட்டப்படி ஒரு பென்னி கிடையாது. சென்னையில் எப்படியோ, இங்கே எச்ஆர் ஆட்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தேதியை இழுக்க இழுக்க ஆட்கள் பொறுமை இழந்து தாங்களாகவே போய்விடுவார்கள், கம்பெனிக்கு அத்தனையும் மிச்சம். எல்லாக் கம்பெனியும் திட்டம் போட்டுத்தான் இதைச் செய்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் அப்படி நடந்தால் யாரும் அழப்போவதும் இல்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். ஆகஸ்ட் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? "உங்கள் பதவி ஆபத்தில் இருக்கிறது", "எதிர்பார்க்கப்படும் தேதி" என்கிற மாதிரியா, அல்லது "உங்கள் வேலை 31 அக்டோபர் 2025 அன்று முடிவடைகிறது" என்றா? எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஸ்லவ்வாசி

கடிதத்தை எடுத்துப் பார்த்தேன் அண்ணா. "ரிடன்டன்சி காரணமாக உங்கள் வேலை ஒப்பந்தம் 31 அக்டோபர் 2025 அன்று முடிவுக்கு வருகிறது, இந்தக் கடிதம் உங்களுக்கான நோட்டீஸ்" என்றே இருக்கிறது. கீழே ரிடன்டன்சி தொகையின் கணக்கும் இருக்கிறது. ஜனவரி பற்றி எழுத்தில் எதுவும் இல்லை.

பழைய யூனியன்காரர்

அப்படியென்றால் நீங்கள் நினைப்பதைவிட நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

நோட்டீஸ் ஒருமுறை கொடுத்துவிட்டால் கொடுத்தவர் அதைத் தன்னிச்சையாகத் திரும்பப் பெறவோ மாற்றவோ முடியாது. இது முதலாளிக்கும் உண்டு, தொழிலாளிக்கும் உண்டு. நீங்கள் ராஜினாமா கொடுத்துவிட்டு மறுநாள் மனம் மாறினால் கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும் இல்லையா, அதே விதிதான் மறுபக்கத்துக்கும். தேதியைத் தள்ள வேண்டுமென்றால் உங்கள் சம்மதம் வேண்டும். ஜூனிலும் ஆகஸ்டிலும் நீங்கள் மறுப்பு சொல்லாமல் வேலைக்குப் போனீர்கள், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள், அதில் தவறில்லை. அதனால் உங்கள் உரிமையும் போய்விடவில்லை. 1990-ல் மௌலம் நார்தர்ன் எதிர் வாட்சன் என்று ஒரு வழக்கு, வேலை வழக்குகளுக்கான மேல்முறையீட்டு டிரிப்யூனல் (தீர்ப்பாயம்) வரைக்கும் போனது. நோட்டீஸ் கொடுத்த பிறகு இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கடைசி நாளைத் தள்ளிப்போட்டாலும் நீக்கம் நீக்கம்தான், ரிடன்டன்சி பணம் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

இந்த முறை சம்மதிக்கவில்லை என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நவம்பர் 1க்குப் பிறகும் போய் உட்கார்ந்தால்தான் சிக்கல். சொல்லிவிட்டால் 31ஆம் தேதி வேலை தானாக முடிகிறது. நீங்கள் போகவில்லை, ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

வெம்பிளி அக்கா

நல்ல கேள்வி, நல்ல பதில். இதே கதை பெரிய அளவில் என்எச்எஸ்ஸில் (அரசு மருத்துவ சேவை) நடக்கிறது, செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2025 மார்ச்சில் என்எச்எஸ் இங்கிலாந்து அமைப்பையே கலைக்கப்போவதாகப் பிரதமர் அறிவித்தார், வட்டார போர்டுகளின் செலவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். ஆட்களை அனுப்பக் கொடுக்க வேண்டிய பணம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் யாரும் முதலில் யோசிக்கவில்லை. அங்கே விதிப்படி ஒரு வருட சேவைக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 24 மாதம். சின்னத் தொகையா? போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் எத்தனை பேர் மாதக்கணக்காகக் காத்திருக்கிறார்கள்.

எச்ஆர்காரி

நான் எச்ஆரில்தான் இருக்கிறேன், அடிக்க வராதீர்கள். பொதுவாகத் தேதி தள்ளுவது சதி இல்லை. ஒரு சிஸ்டத்தை மாற்றுகிற திட்டம் சொன்ன தேதியில் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. திட்டம் பிந்தினால் பழைய வேலையைச் செய்ய ஆள் வேண்டும், தெரிந்த ஆட்களோ ரிடன்டன்சி பட்டியலில் இருப்பார்கள்.

யூனியன்காரர் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நோட்டீஸைத் திரும்பப் பெற முடியாது, சரி. ஆனால் கம்பெனி வேறு வழியில் வரலாம். "உங்கள் அதே வேலை, அதே சம்பளம், தொடருங்கள்" என்று கடைசி நாளுக்கு முன்னால் ஒரு ஆஃபர் கொடுக்கலாம். பொருத்தமான வேலையைக் காரணமில்லாமல் மறுத்தால் சட்டப்படியான ரிடன்டன்சி பணத்தை இழக்கலாம் என்று 1996 வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 141வது பிரிவு சொல்கிறது. அதே நாற்காலியை நீட்டினால் "பொருத்தம் இல்லை" என்று சொல்வது கஷ்டம்.

பழைய யூனியன்காரர்

எச்ஆர்காரி சொல்வது உண்மை, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அதே பிரிவில் மறுப்பு "நியாயமற்றதாக" இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. தம்பிக்கு நீட்டப்படுவது நிரந்தர வேலையா? இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி அதே வாசலில் நிறுத்துவார்கள், அதற்குள் கையில் இருக்கிற நிரந்தர வேலை போய்விடும். ஏற்கெனவே இரண்டு முறை தேதி மாறியிருக்கிறது, கம்பெனி சொன்ன தேதியை நம்பித்தான் அவர் வேறு வேலை தேடினார். இப்படி இருக்கும்போது மறுத்தது நியாயமற்றது என்று ஒரு டிரிப்யூனல் சொல்வது எனக்கு நம்பமுடியாததாக இருக்கிறது. நூற்றுக்கு நூறு உத்தரவாதம் யாரும் தர முடியாது, அதனால்தான் காரணத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். வெறும் "முடியாது" என்று மட்டும் எழுதாதீர்கள்.

கணக்குப்பிள்ளை ரெடிங்

பேரோல் ஆள் வந்திருக்கிறேன். பணத்தைப் பார்ப்போம்.

சட்டப்படி 22 முதல் 40 வயது வரையான ஒவ்வொரு முழு வருட சேவைக்கும் ஒரு வாரச் சம்பளம், 41 ஆனபின் வரும் ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒன்றரை வாரம், 22க்குக் கீழே அரை வாரம். அதிகபட்சம் 20 வருடம். 2025 ஏப்ரல் 6-ல் தொடங்கும் வருடத்துக்கு வாரச் சம்பள உச்சவரம்பு 719 பவுண்டு, அதற்கு மேல் வாங்கினாலும் 719 என்றுதான் எடுப்பார்கள். ஸ்லவ்வாசிக்கு வயது 43, சேவை 9 வருடம். 41க்குப் பிறகு இரண்டு முழு வருடம், அது 3 வாரம். மிச்சம் ஏழு வருடத்துக்கு 7 வாரம். ஆக 10 வாரம், உச்சவரம்பில் இருந்தால் 7,190 பவுண்டு. ரிடன்டன்சித் தொகையில் முதல் 30,000 வரை வரி இல்லை. எடுக்காத லீவுக்கான பணத்துக்கும் நோட்டீஸ் சம்பளத்துக்கும் வழக்கம்போல வரி உண்டு.

உங்கள் கடிதத்தில் இதைவிடப் பெரிய தொகை இருந்தால் அது கம்பெனியின் சொந்தத் திட்டம். அதற்குத் தனி விதிகள் இருக்கும், அந்தக் காகிதத்தையும் தேடி எடுங்கள்.

ஸ்லவ்வாசி

ஆமாம், கம்பெனி வருடத்துக்கு மூன்று வாரம் தருகிறது, உச்சவரம்பு இல்லாமல். கணக்குப் போட்டால் சட்டத் தொகையைவிட மூன்று மடங்கு வருகிறது. பாலிசியில் "கம்பெனி உறுதிப்படுத்தும் தேதி வரை பணியில் இருப்பவர்களுக்கு" என்று ஒரு வரி இருக்கிறது. இதுதான் இப்போது உதைக்கிறது.

எச்ஆர்காரி

அங்கேதான் பிடி இருக்கிறது. சட்டத் தொகையில் யாரும் கை வைக்க முடியாது, கூடுதல் தொகைக்குக் கம்பெனி நிபந்தனை போடலாம். ஆனால் உங்களுக்கு எழுத்தில் உறுதிப்படுத்தப்பட்ட தேதி அக்டோபர் 31தான். மேனேஜர் மீட்டிங்கில் பேசியது உறுதிப்படுத்தல் ஆகாது. அதனால் அவர்கள் புதுக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் எழுதிவிடுவது நல்லது. திங்கட்கிழமையே அனுப்புங்கள்.

மேனேஜரிடம் சண்டை வேண்டாம், அவருக்கு இதில் ஒரு அதிகாரமும் இருக்காது. எச்ஆருக்கு நேரடியாக எழுதி அவருக்கு நகல் போடுங்கள்.

பழைய யூனியன்காரர்

மெயிலில் வர வேண்டியது இவ்வளவுதான்: இந்தத் தேதியிட்ட கடிதத்தின்படி என் வேலை 31 அக்டோபர் அன்று ரிடன்டன்சி காரணமாக முடிகிறது. ஜனவரி வரை நீட்டிக்கலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள், அதற்கு நான் சம்மதிக்கவில்லை. நீங்கள் கொடுத்த தேதியை நம்பி வேறு வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறேன், இனி அதை மாற்ற முடியாது. அதுவரை வேலையை முழுமையாகச் செய்து ஒப்படைத்துவிட்டுப் போவேன். கடிதத்தில் உள்ள தொகையும் மிச்ச லீவுப் பணமும் எந்தத் தேதியில் வரும் என்று உறுதிப்படுத்துங்கள்.

கோபம், குறை, பழைய கதை ஒன்றும் வேண்டாம். அனுப்பியதையும் இரண்டு கடிதங்களையும் உங்கள் சொந்த மெயிலுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் கம்பெனி லேப்டாப்போடு எல்லாம் போய்விடும்.

லெஸ்டர் மதி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் எனக்கு வந்த கடிதத்தில் "அட் ரிஸ்க்" என்று மட்டும்தான் இருக்கிறது. செப்டம்பர் என்றார்கள், பிறகு வருடக் கடைசி என்றார்கள், இப்போது கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். மூன்று வருட சேவை. நான் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் (கம்பெனி ஸ்பான்சர் செய்யும் வேலை விசா) இருக்கிறேன். வேறு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் நானும் இதே மாதிரி தேதியைப் பிடித்துக்கொண்டு போகலாமா?

பழைய யூனியன்காரர்

முடியாதம்மா. உங்களுக்கு இன்னும் நோட்டீஸே வரவில்லை, பிடித்துக்கொள்ளத் தேதி இல்லை. வேலை போகப்போகிறது என்று எச்சரிப்பது வேறு, நீக்குவது வேறு. 1966-லேயே மார்ட்டன் சண்டூர் ஃபேப்ரிக்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பிரிவு மூடப்போகிறது என்று கேள்விப்பட்டு ஒருவர் நல்ல பிள்ளையாக வேறு வேலை தேடிக்கொண்டு போனார். திட்டவட்டமான தேதி சொல்லப்படவில்லை, அதனால் நீக்கம் இல்லை, பணமும் இல்லை. ஏறக்குறைய அறுபது வருடமாக அதே பள்ளத்தில் ஆட்கள் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது முன்கூட்டியே விடுவிப்பு. "நான் இந்தத் தேதியில் போகத் தயார், ரிடன்டன்சி காரணமாக என்னை நீக்குவதாக அந்தத் தேதி போட்டுக் கடிதம் கொடுங்கள்" என்று கேளுங்கள். தானாக முன்வந்தவராக இருந்தாலும் கம்பெனி நீக்கினால் அது ரிடன்டன்சிதான். கடிதம் கைக்கு வரும் வரை புது இடத்தில் தொடங்கும் தேதிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

எச்ஆர்காரி

மதி, விசா பக்கம் நான் சொல்கிறேன். இரண்டு வருட சேவை இருந்தால் விசாவில் இருப்பவருக்கும் ரிடன்டன்சி பணம் உண்டு, அதில் வித்தியாசம் இல்லை. வேலை முடிந்தபின் 10 வேலைநாட்களுக்குள் கம்பெனி ஹோம் ஆபீஸுக்கு (உள்துறை) தெரிவிக்க வேண்டும், அதன்பிறகு ஹோம் ஆபீஸ் கடிதம் அனுப்பும், பொதுவாக விசாவை 60 நாளாகக் குறைப்பார்கள், விசாவில் அதைவிடக் குறைவாக மிச்சம் இருந்தால் அதுவரைதான். ஆக, தேதி தள்ளிப்போவது உங்களுக்குச் சம்பளத்தோடு கிடைக்கிற நேரம். ஸ்லவ்வாசிக்கு எரிச்சலாக இருப்பது உங்களுக்கு வசதியாகக்கூட இருக்கலாம். புது ஸ்பான்சரிடம் போனால் விசா மாற்றத்துக்கு விண்ணப்பித்து அனுமதி வந்தபின்தான் அங்கே வேலை தொடங்கலாம், அந்த இடைவெளியையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, நோட்டீஸ் வந்துவிட்டால் இரண்டு வருட சேவை உள்ளவருக்கு வேலை தேடவும் இன்டர்வியூ போகவும் நியாயமான அளவு நேரம் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு வாரச் சம்பளத்தில் 40 சதவீதம் வரைதான் கட்டாயம்.

வெம்பிளி அக்கா

நோட்டீஸ் காலம் முடிவதற்கு முன்னாலேயே போக வேண்டியவர்கள் என்ன செய்வது? என் தம்பி மகனுக்கு ஆறு மாத நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள், அவனுக்கு அடுத்த மாதமே வேலை இருக்கிறது.

பழைய யூனியன்காரர்

அதற்கு எதிர் நோட்டீஸ் என்று ஒரு வழி இருக்கிறது அக்கா, ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். அதே 1996 சட்டத்தின் 136வது பிரிவின்படி கம்பெனியின் நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது தொழிலாளி "நான் இந்த முந்தைய தேதியில் போகிறேன்" என்று எழுத்தில் கொடுத்தால் அப்போதும் நீக்கப்பட்டவராகவே கருதுவார்கள். ஆனால் எப்போது வேண்டுமானாலும் கொடுக்க முடியாது. கட்டாய நோட்டீஸ் காலத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்தக் காலத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். சட்டப்படி இரண்டு வருடத்துக்கு இரண்டு வாரம், ஒன்பதுக்கு ஒன்பது, பன்னிரண்டு வாரம்தான் உச்சம். ஒப்பந்தத்தில் அதிகமாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். பையனுக்கு ஐந்து வருட சேவை, ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்றால், ஆறு மாதத்தில் கடைசி ஐந்து வாரத்துக்குள்தான் எதிர் நோட்டீஸ் செல்லும். இப்போதே கொடுத்தால் அது வெறும் ராஜினாமா, பணம் போச்சு.

உள்ளே வந்தாலும் கம்பெனி எதிர்த்து எழுதலாம், திரும்பப் பெறு, இல்லாவிட்டால் பணம் தர மாட்டோம் என்று. அப்போது எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று டிரிப்யூனல் தீர்மானிக்கும். அதனால் அடுத்த மாதமே போக வேண்டுமென்றால் அவனும் பேசித்தான் முடிக்க வேண்டும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கடைசி நாளை முன்னால் கொண்டுவந்ததாகக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள்.

ஸ்லவ்வாசி
அக்டோபர் 9

மெயில் அனுப்பினேன். பதில் வந்தது, ஆனால் நன்றாக இல்லை. "வணிகத் தேவை காரணமாக உங்கள் கடைசி நாள் 30 ஜனவரி 2026 ஆக மாற்றப்பட்டுள்ளது. அதற்கு முன் போனால் ராஜினாமாவாகக் கருதப்படும்." அவ்வளவுதான். ஒரு "தயவுசெய்து" கூட இல்லை.

பழைய யூனியன்காரர்

எதிர்பார்த்ததுதான். இது ஒரு கீழ்நிலை ஆள் அனுப்பிய அச்சுக் கடிதம் போலிருக்கிறது. எச்ஆர் தலைவருக்கு எழுதுங்கள், கிரீவன்ஸ் (முறையான புகார்) என்று தலைப்பிட்டு. ஒரே கேள்வி: ஆகஸ்டில் கொடுத்த நோட்டீஸை என் சம்மதம் இல்லாமல் மாற்ற எந்த ஒப்பந்தப் பிரிவின்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது? பதில் வராவிட்டால் ஏகாஸில் (வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யும் அமைப்பு) முன்-சமரசத்துக்குப் பதிவு செய்வேன் என்று கடைசி வரியில் சொல்லுங்கள். மிரட்டல் மாதிரி வேண்டாம், தகவலாகச் சொல்லுங்கள்.

ஏகாஸ் இலவசம், டிரிப்யூனலுக்கும் கட்டணம் இல்லை. 2013-ல் கட்டணம் கொண்டுவந்தார்கள், யூனிசன் தொழிற்சங்கம் வழக்குப் போட்டது, 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று தூக்கியது. அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் சந்தோஷம்தான். காலக்கெடுவை மறக்காதீர்கள்: சட்டப்படியான ரிடன்டன்சி பணத்துக்கு ஆறு மாதம், ஒப்பந்தப்படி வர வேண்டிய கூடுதல் தொகைக்கும் நியாயமற்ற நீக்கத்துக்கும் மூன்று மாதத்தில் ஒரு நாள் குறைவு. குறைவானதையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

எச்ஆர்காரி

கூடவே ஒரு வாசலையும் திறந்து வையுங்கள். அவர்களுக்கு உண்மையிலேயே அந்த வேலை தெரிந்த ஆள் தேவை. நவம்பர் 10க்கு முன்னால் ஒரு வாரம் உங்களிடம் இருக்கிறது, அதை விலைக்குக் கொடுங்கள்.

ஸ்லவ்வாசி
அக்டோபர் 17

எச்ஆர் தலைவர் போனில் கூப்பிட்டார், குரலே வேறு மாதிரி இருந்தது. அக்டோபர் 31ஐ ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். நான் நவம்பர் 7 வரை இருக்கலாம், அதற்குச் சம்பளத்துக்கு மேல் ஒரு தொகை வேண்டும், கடைசி நாள் இனி மாறாது என்றும் கூடுதல் தொகை அப்படியே வரும் என்றும் எழுதிக் கொடுங்கள் என்றேன். போனில் பேசியது மட்டும் போதாது என்பதால் அன்றைக்கே மெயிலில் சுருக்கி அனுப்பினேன். நேற்று கையெழுத்திட்ட கடிதம் வந்துவிட்டது. டீமில் இன்னும் இரண்டு பேர் இப்போது இதே மெயிலை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை ரெடிங்

நல்லது. பி45ஐ (வேலையை விடும்போது தரும் சம்பள, வரி விவரப் படிவம்) உடனே வாங்கிப் புது இடத்தில் நவம்பர் பேரோல் மூடுவதற்குள் கொடுத்துவிடுங்கள். பி45 வெளியே வந்தபின் லீவுப் பணம் போட்டால் 0டி கோடில், அதாவது வரிவிலக்கு எதுவும் கழிக்காமல், வரியைப் பிடித்துவிடுவார்கள், திரும்பி வரும், ஆனால் தாமதமாகும். ரிடன்டன்சித் தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கொடுப்பது அவர்கள் கடமை, அதையும் கேளுங்கள். சேவை வருடம் ஒன்பது என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எட்டு என்று போட்ட கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன்.

லெஸ்டர் மதி

வாழ்த்துகள் ஸ்லவ்வாசி! அந்த மெயில் வாசகத்தை எனக்கும் அனுப்ப முடியுமா?

பழைய யூனியன்காரர்

அதை அப்படியே எடுக்காதீர்கள் மதி. அவர் மெயில் ஒரு தேதியைக் காப்பாற்ற எழுதியது, உங்களுக்குத் தேதியே இல்லை. உங்கள் முதல் வரி "எனக்கு எந்தத் தேதியில் நோட்டீஸ் கொடுக்கப்படும், வேலை எந்தத் தேதியில் முடியும்?" என்று இருக்கட்டும். என்ன பதில் வருகிறது என்று இங்கே போடுங்கள், அடுத்ததைப் பார்ப்போம்.